நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தடுப்பூசிக்கு முன் செய்ய வேண்டியவை

குமரி மாவட்டத்தில் பலருக்கு முடக்குவாதத்துக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்குமான சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடக்கிறது. மாத்திரை மார்த்தாண்டத்துக் கடையில் வாங்கப்படுகிறது. தடுப்பூசியோ ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்படுகிறது. இம்மூன்றையும் ஒருசேர அறிந்தவர் நோயாளி மட்டுமே என்பதால், ஊசி போடுபவர் கேட்காவிட்டாலும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

முதலில், எடுக்கும் மருந்துகளை அளவு, தொடங்கிய நாள், கடைசியாக எடுத்த நாள் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதுங்கள். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், இரண்டு வாரமோ கூடுதலாகவோ எடுத்தவருக்கு, நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழியும்வரை உயிருள்ள தடுப்பூசி (விளக்கம் கீழே) போடுவதில்லை. ஸ்டீராய்டு உள்ள ஆஸ்துமா இன்ஹேலரும் தோலில் பூசும் களிம்பும் பொதுவாக இக்கணக்கில் வருவதில்லை. மெத்தோட்ரெக்சேட், அசாதியோப்ரின், மைக்கோபினோலேட், டாக்ரோலிமஸ், அடலிமுமாப் போன்ற எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் அத்தாளில் கட்டாயம் இடம்பெற வேண்டும். மருத்துவமனையில் மாதக்கணக்கான இடைவெளியில் ஏற்றப்படும் ரிட்டுக்சிமாப்தான் அதிகம் விடுபடக்கூடியது. தினமும் மாத்திரை விழுங்காதவர் "இப்போது மருந்து ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடலாம், ஆனால் அதன் விளைவு பல மாதம் உடலில் நீடிக்கும்.

இரண்டாவதாக, போடவிருப்பது உயிருள்ள தடுப்பூசியா என்று கேளுங்கள். வலுக்குறைக்கப்பட்ட கிருமி அதில் உயிரோடு இருக்கிறது. நலமுள்ள உடல் அதை அடக்கிவிடும், எதிர்ப்பு குறைந்த உடலிலோ அது பெருகி நோயையே உண்டாக்கக்கூடும். தட்டம்மை-ரூபெல்லா, பொன்னுக்குவீங்கி, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஆகியவை இவ்வகை.

இதைக் கேட்டு எல்லா ஊசியையும் மறுப்பது, என் கருத்தில், உயிருள்ள ஊசியைத் தவறிப் போடுவதற்கு ஒப்பான பிழை. ஊசியாகப் போடும் ஃப்ளூ, நிமோனியா, மஞ்சள் காமாலை-பி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. எதிர்ப்பு குறைந்தவருக்கே இவை கூடுதலாகத் தேவை. வெறிநாய்க்கடி ஊசியும் அப்படித்தான். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, எடுக்கும் மருந்தைத் தவறாமல் சொல்ல வேண்டும்; இவர்களுக்குச் சிறு கீறலுக்குக்கூட இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) சேர்த்துத் தர வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காலக்கணக்கு. சிகிச்சை இன்னும் தொடங்கவில்லையென்றால், உயிருள்ள தடுப்பூசியைக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் மற்றவற்றை இரண்டு வாரம் முன்பும் முடித்துவிடுவது வழக்கம். தொடங்கிவிட்டவர்கள் ஊசிக்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. மூட்டு வீங்கும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்தும் உண்டு.

வீட்டிலுள்ளோரையும் கவனியுங்கள். போலியோ சொட்டு மருந்துக் கிருமி குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறுவதால், சொட்டு மருந்துக்கு முன்பே வீட்டு நிலையைச் செவிலியரிடம் சொல்லுங்கள். டயப்பர் மாற்றும் வேலையை நோயாளிக்குப் பதில் வேறொருவர் ஏற்று, கையைச் சோப்பிட்டுக் கழுவட்டும். கர்ப்பகாலத்தின் பிற்பகுதியில் அடலிமுமாப் அல்லது அதே வகையான இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாய், பிறந்தவுடன் குழந்தைக்குப் பி.சி.ஜி. போடும் முன் அதைத் தெரிவிக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிவைப்பார்கள்.

கப்பல் வேலைக்கோ ஆப்பிரிக்க நாடுகளுக்கோ புறப்படுவோரிடம் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கப்படலாம். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லும் என்பதால், பயணம் உறுதியானதுமே மருத்துவரைப் பாருங்கள். ஊசி ஆகாது என்று அவர் கருதினால் மருத்துவ விலக்குச் சான்று தருவார். அதை ஏற்பது செல்லும் நாட்டின் முடிவு என்பதால், டிக்கெட் எடுக்கும் முன்பே அந்நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.