குரூஸ் கப்பல் சாப்பாடு, சர்வீஸ்: மற்ற பயணிகளின் கருத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூஸ் கப்பலில் "சாப்பாடு" என்று பொதுவாக ஒன்று கிடையாது. டிக்கெட் கட்டணத்திலேயே அடங்கும் மெயின் டைனிங் ரூம், மேல்தளத்து பஃபே, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட், கேபினுக்கே வரும் ரூம் சர்வீஸ் என்று பல இடங்கள் உண்டு. மெனுவும் ஆட்களும் இடத்துக்கு இடம் வேறு. "சாப்பாடு பிரமாதம்" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன.

சூட் எனப்படும் விலை உயர்ந்த, பெரிய கேபின்களில் தங்கும் பயணிகளின் பாராட்டை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எம்எஸ்சி, நார்வேஜியன், செலிப்ரிட்டி ஆகிய குரூஸ் கம்பெனிகள் முறையே யாட் கிளப், ஹேவன், ரிட்ரீட் என்ற பெயரில் வைத்திருக்கும் சூட் பகுதிகள் கப்பலுக்குள்ளேயே இன்னொரு ஹோட்டல் மாதிரி. அங்கே தங்குபவர்களுக்குத் தனி லவுஞ்ச் உண்டு, பல கப்பல்களில் தனி உணவகமும் உண்டு. ஜன்னல் இல்லாத உள்கேபினில் போகப்போகிறவருக்கு அந்த விமர்சனத்தால் எந்தப் பயனும் இல்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட இடத்துக்குள் உங்களுக்கு அனுமதி கிடையாது, அவ்வளவுதான்.

எல்லாக் கப்பலிலும் இருக்கும் குறையைத் தனிக்குறையாக எண்ணுவது

பஃபேயில் முட்டை ஆறிப்போயிருந்தது, பொரித்த அயிட்டம் நமுத்துப்போயிருந்தது, மெயின் டைனிங் ரூமில் ஸ்டேக் கேட்ட பதத்தில் வரவில்லை. இவை ஏறக்குறைய எந்தப் பெரிய கப்பலைப் பற்றியும் எழுதப்படுகின்றன. காரணம் எளிது. இரவு உணவு நேரத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகள் சில நிமிடங்களுக்குள் சமையலறையை விட்டு வெளியேற வேண்டும். சூப், மெதுவாக வேகவைத்த இறைச்சி, பேக் செய்த பாஸ்தா போன்றவை அந்த அவசரத்தைத் தாங்கும். ஒரு நிமிடம் கூடினாலே பதம் கெடும் மீனும் ஸ்டேக்கும் தாங்காது. ஆகவே இந்தப் புகார்களை வைத்து ஒரு கப்பலை ஒதுக்காதீர்கள். ஒப்பிட உதவுவது வேறு வகைத் தகவல்: ஏழு நாளில் மெனு எத்தனை முறை திரும்பி வந்தது, இரவு பத்து மணிக்கு மேல் இலவசமாகச் சாப்பிட எந்த இடம் திறந்திருந்தது, துறைமுக நாளில் மெயின் டைனிங் ரூமில் மதியச் சாப்பாடு இருந்ததா.

கூட்டம் பற்றிய புகாரையும் அது எந்த நாளில் என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறும் நாள் மதியம் கேபின்கள் தயாராக இருக்காது; எல்லோரும் பெட்டியோடு நேராக பஃபேக்குத்தான் போவார்கள். கடலிலேயே கழியும் நாளின் காலை ஒன்பது, பத்து மணியும் அப்படித்தான். அதே பஃபே துறைமுக நாள் மதியம் காலியாகக் கிடக்கும். நல்ல மழையும் காற்றும் அடித்த பயணமாக இருந்தால், திறந்த தளங்களில் இருக்க வேண்டியவர்கள் முழுக்க உள்ளே வந்துவிடுவார்கள்.

கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு தேதியைப் பார்க்காமல் விடுவது

ஒரே கம்பெனியின் பதினைந்து வயதுக் கப்பலும் புதுக் கப்பலும் உணவகங்களின் எண்ணிக்கையிலேயே மாறுபடும். பழைய கப்பலும் உலர்துறையில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) புதுப்பித்தபின் வேறாகிவிடும். 2020 மார்ச்சில் கோவிட்டால் நின்ற பயணங்கள் பெரும்பாலும் 2021 நடுவில்தான் மெல்லத் தொடங்கின. அதன்பின் பல கம்பெனிகள் சாதாரண கேபின்களை ஒரு நாளைக்கு இரு முறைக்குப் பதில் ஒரு முறைதான் சுத்தம் செய்கின்றன. 2019-இல் எழுதப்பட்ட "மாலையிலும் வந்து படுக்கை விரித்துக் கொடுத்தார்கள்" என்ற பாராட்டை நம்பி ஏறினால் ஏமாற்றம்தான். சாப்பாடு, சர்வீஸ் விஷயத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பழைய கருத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

மூன்று, நான்கு இரவுப் பயணத்தைப் பற்றிய கருத்தை ஏழு இரவுப் பயணத்துக்குப் பொருத்துவதும் தவறு. மெனு வேறு, வாரக் கடைசிக் கொண்டாட்டத்துக்கு வரும் கூட்டமும் வேறு. நீண்ட பயணத்தில் இன்னொன்று நடக்கும்: சரக்கின் பெரும்பகுதி புறப்படும் துறைமுகத்தில்தான் ஏறும் என்பதால், கடைசி நாட்களில் கீரையும் மென்மையான பழங்களும் வாடியிருக்கும்.

பருவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கேபினுக்கு இருவர் என்று நிரம்பினாலே கப்பல் 100 சதவீதம் நிரம்பியதாகக் கணக்கிடுவார்கள். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளிலும் குழந்தைகள் வருவதால் அது 100-ஐத் தாண்டும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் இருவர் கணக்கில் 5,610 பயணிகள், முழுக்க நிரம்பினால் சுமார் 7,600 பேர், ஊழியர்கள் 2,350 பேர். அதாவது ஓர் ஊழியருக்கு 2.4 பயணிகள் என்ற விகிதம் 3.2 வரை போகலாம். இந்தக் கணக்கு வெயிட்டர்களை மட்டும் எண்ணுவதில்லை, எஞ்சின் அறை ஆட்களும் அதில் உண்டு. ஆனாலும் விடுமுறை இல்லாத மாதத்தில் போனவர் எழுதிய "சர்வீஸ் மின்னல் வேகம்" உங்கள் விடுமுறைப் பயணத்தில் ஏன் நடக்காது என்பதை இது விளக்கும்.

வெயிட்டரின் பெயரைப் பார்த்து மயங்குவது

"இன்னாரைக் கேட்டு வாங்குங்கள், தங்கமான மனிதர்" என்று பல விமர்சனங்கள் முடியும். கப்பல் ஊழியர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். நீங்கள் ஏறும்போது அவர் விடுப்பில் இருப்பார், அல்லது வேறு கப்பலில் இருப்பார். பயண முடிவில் வரும் கருத்துப் படிவத்தில் பெயர் குறிப்பிடப்படுவது ஊழியருக்கு நல்லது என்பதால் பயணிகள் அன்போடு பெயரை எழுதுகிறார்கள். அது நியாயமான நன்றி, நீங்களும் எழுதுங்கள். கப்பலைத் தேர்ந்தெடுக்கும் ஆதாரமாக மட்டும் அதை எடுக்க வேண்டாம்.

"இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது" என்ற புகாரில் நேரத்தைவிட மேசைதான் முக்கியம். பத்துப் பேர் மேசையில் எல்லோரும் ஒரு சுற்றை முடித்த பிறகே அடுத்த சுற்று வரும்; மெதுவாகச் சாப்பிடுபவரின் வேகமே மேசையின் வேகம். நேரம் குறித்த இருக்கையா, விரும்பிய நேரத்தில் போகும் முறையா என்பதையும் பாருங்கள். முதல் முறையில் அதே வெயிட்டர் தினமும் வருவதால், முதல் இரண்டு இரவுகளுக்குப் பின் உங்கள் விருப்பம் அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதில் உச்ச நேரத்தில் காத்திருக்க வேண்டிவரும், வெயிட்டரும் மாறிக்கொண்டே இருப்பார். நேரம் குறித்த முறையில் மாலை ஆறு மணி வாக்கில் உட்காரும் முதல் பந்திக்காரர்கள் "எங்களை விரட்டினார்கள்" என்று எழுதுவார்கள். எட்டு மணிப் பந்திக்கு மேசையைத் தயார் செய்ய வேண்டியிருப்பதுதான் காரணம். நிதானமாகச் சாப்பிட விரும்புபவர் இரண்டாம் பந்தியைக் கேட்டு வாங்கலாம்.

"கப்பல் சாப்பாட்டால் எல்லோருக்கும் வயிறு கெட்டது"

இதைப் படித்ததும் பயந்து ரத்து செய்வதும் தவறு, சிரித்துத் தள்ளுவதும் தவறு. கப்பலில் பரவும் வாந்திபேதிக்குப் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். அது சமையலில் இருந்து மட்டும் வருவதில்லை. கைப்பிடி, பஃபே கரண்டி, பக்கத்தில் நிற்பவர் வழியாகவும் பரவும். தொற்றியபின் அறிகுறி தெரிய 12 முதல் 48 மணி நேரம் ஆகும். ஏறிய அன்று மாலையே படுத்தவர் பெரும்பாலும் கரையிலிருந்தே அதைக் கொண்டு வந்திருப்பார்.

இங்கே தனிமனிதக் கருத்தைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டுப் பயணமாக வந்துபோகும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. மதிப்பெண் 100-க்கு, 86-க்குக் கீழே போனால் தோல்வி. மொத்த எண்ணோடு நிற்காமல் அறிக்கையின் விவரத்தையும் படியுங்கள்: உணவு வைத்த வெப்பநிலை, பாத்திரம் கழுவும் இயந்திரம், பூச்சி பற்றிய குறிப்புகள் அடுத்தடுத்த அறிக்கைகளில் திரும்ப வருகின்றனவா என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம். கப்பலில் ஏறியபின் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆல்கஹால் ஜெல் நோரோவைரஸிடம் அவ்வளவாக எடுபடாது.

ஸ்டாருக்குள் ஒளிந்திருக்கும் கோபம்

துறைமுகம் ரத்தானது, தினசரி டிப்ஸ் தானாகப் பில்லில் ஏறியது, கேபினில் ஒருவர் பானத் தொகுப்பு (பயணம் முழுக்கக் குடிக்கும் பானங்களுக்கு மொத்தமாகக் கட்டும் கட்டணம்) வாங்கியதால் இன்னொருவரும் வாங்க நேர்ந்தது. இந்த எரிச்சலெல்லாம் "சாப்பாடு ஒரு ஸ்டார்" என்று வெளிவரும். சராசரி எண்ணை விட்டுவிட்டு மூன்று ஸ்டார் கருத்துகளைத் தேடிப் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாகச் சொல்லும் பொறுமை அங்கேதான் அதிகம். உணவுக் கட்டுப்பாடோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் மற்றவர்களின் ருசிக் கருத்தை அறவே ஒதுக்கி, அதே கட்டுப்பாடு உள்ளவர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் மெனுவை ஹெட் வெயிட்டர் முந்தின இரவே காட்டினாரா என்ற ஒரு வரி, "சுவை சுமார்" என்ற பத்து வரியைவிடப் பயனுள்ளது.

ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: பயண மாதம், எத்தனை இரவு, கேபின் வகை, உணவகம், எந்தப் பந்தி, குறிப்பான புகார். உங்கள் கப்பலைப் பற்றிய சமீபத்திய இருபது கருத்துகளை இதில் நிரப்புங்கள். பாதிக் கட்டம் காலியாக இருக்கும் கருத்தை அடித்துவிடலாம். ஒரே புகார் ஒரே வாரத்தில் ஐந்து பேரிடமிருந்து வந்தால் அது அந்தப் பயணத்தின் கோளாறு. வெவ்வேறு மூன்று மாதங்களில் வந்திருந்தால் கப்பலின் கோளாறு. அப்படிப் புகார் வந்த உணவகத்துக்கு முன்கூட்டியே காசு கட்டாதீர்கள்.