பத்து வீடு, இருபது பை: அடுக்ககத்து மொட்டைமாடியில் வாராவாரம் கீரை

சென்னை போன்ற ஊரில் பத்து வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம், வீட்டுக்கு வாரம் ஒரு கட்டுக் கீரையைத் தன் மாடியிலேயே விளைவித்துக்கொள்ள முடியும். அதற்கு 2 அடிக்கு 2 அடி அளவில், ஒரு சாண் ஆழமுள்ள இருபது கீரைப் பைகள் (மண் நிரப்பிக் கீரை வளர்க்கும் பைகள்) போதும். பலர் சேர்ந்து போடும் தோட்டங்கள் பெரும்பாலும் பூச்சியால் கெடுவதில்லை. எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைப்பதாலும், தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று முடிவு செய்யாததாலுமே கெடுகின்றன. ஒரே நாளில் விதைத்தால் நாற்பது கட்டுக் கீரை ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அடுத்த மூன்று வாரம் மாடியில் பறிக்க ஒன்றும் இருக்காது. அதற்குள் பாதிப் பேர் ஆர்வம் இழந்துவிடுவார்கள். எனவே கீழே சொல்லும் முறை முழுவதும் வாரத்துக்கு ஐந்து பை என்ற கணக்கில் போகிறது.

முதலில் மாடியைப் பாருங்கள்

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடி, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைத் தாங்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு (ஐ.எஸ். 875). அரை அடி உயரம் மண் கலவை நிரப்பி நனைத்த ஒரு பை 60 கிலோவைத் தாண்டும். பைகளை இடைவெளியின்றி அடுக்கினால் சதுர மீட்டருக்கு 160, 170 கிலோ ஏறிவிடும். அதனால் ஒரு பை வைத்தால் பக்கத்தில் ஒரு பை அளவு வெற்றிடம் விடுங்கள். சுமை பாதியாகும், நடக்க வழியும் கிடைக்கும். கூடியவரை சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வையுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

மேல்தளத்தில் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். மழைக்கு மறுநாள் அவர் வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால், ஒழுக்கைச் சரிசெய்த பிறகே பை வைக்கவேண்டும். ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்குங்கள். தண்ணீர் தேங்காது, பெருக்கவும் முடியும். வெயில் நாளுக்கு ஐந்து மணி நேரமாவது விழவேண்டும்.

மண் கலவை

செம்மண், தென்னை நார்க்கழிவு, எரு மூன்றும் சம அளவு. எருவில் பாதி மண்புழு உரம், மீதி நன்றாக மட்கிய சாணி எரு. ஐந்து பைக்கு சிமெண்ட் சாக்கில் மூன்று சாக்கு செம்மண், மூன்று சாக்கு எரு, 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்றரை. பைக்கு 200 கிராம் வேப்பம்பிண்ணாக்கு.

நார்க்கழிவை அப்படியே போடக்கூடாது. அதில் உப்பு இருக்கும், இலை நுனி கருகும். பெரிய டப்பில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை அலசுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும்.

கலந்தவுடன் விதைக்கவும் கூடாது. பிண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பி முளையைக் கொன்றுவிடும். பைகளில் நிரப்பி, லேசாக நனைத்துப் பத்து நாள் விட்டுவிடுங்கள். முதல் ஐந்து பை காத்திருக்கும் வாரத்தில் அடுத்த ஐந்து பைக்குச் சாமான் வாங்கலாம். மூட்டைகளை ஒரே நாளில் மாடி ஏற்றும் பாடும் மிச்சம்.

விதைப்பு

தொடங்குபவர்களுக்குச் சிறுகீரையும் முளைக்கீரையும்தான் ஏற்றவை. பாலக்கை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள், சித்திரை வெயிலில் அது தேறாது. சாயம் ஏற்றிய விதை வேண்டாம், அது மருந்து கலந்தது.

ஒரு பைக்குக் கால் தேக்கரண்டி விதை தாராளம். இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். மேலே அரைக்கால் அங்குலத்துக்கு மேல் மண் போடாதீர்கள். எறும்பு விதையைத் தூக்கிப்போகும். பையைச் சுற்றி ரவையைத் தூவி வைத்தால் விதையை விட்டு அதை எடுக்கும். முளைக்கும்வரை பூவாளியால் மட்டுமே தண்ணீர். குழாயை நேராகப் பிடித்தால் விதை மூலைக்கு ஓடிவிடும்.

மூன்று நான்கு நாளில் முளை தெரியும். பத்தாம் நாள் நெருக்கமாக நிற்பவற்றைப் பிடுங்குங்கள். அந்த இளங்கீரையும் பருப்பில் போட்டுக் கடைய உதவும்.

முதல் வாரம் 1 முதல் 5 வரையுள்ள பைகள், அடுத்த வாரம் 6 முதல் 10 வரை என்று போகவேண்டும். 25 நாளில் வேரோடு பறித்தால் மூன்று நாள் மண்ணைக் கிளறி வெயிலில் ஆறவிட நேரம் இருக்கும். ஐந்தாவது வாரத்தில், 1 முதல் 5 வரையுள்ள பைகளில் மறு விதைப்பு. நன்றாக விளைந்தால் ஒரு பையில் இரண்டு கட்டு தேறும். முதல் சுற்றில் குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம்.

தண்ணீரும் முறையும்

பைக்கு நாளுக்கு மூன்று லிட்டர், ஆக 60 லிட்டர். கோடையில் காலை, மாலை இரு வேளையும் பிரித்து ஊற்றுங்கள். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் போர்த் தண்ணீரின் உப்புதான் காரணம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, அதைப் பிடித்துக் கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் பை பாழாகும்.

நாளுக்கு இரண்டு வீடு என்று எழுதி மாடிக் கதவில் ஒட்டுங்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருப்பார். இந்தப் பட்டியலில் மே மாத விடுமுறையைத்தான் முதலில் பேசி முடிக்கவேண்டும். வெயில் காலத்தில் இரண்டு நாள் தண்ணீர் விட்டுப்போனால் இளங்கீரை மிஞ்சாது.

என்ன கெடும், ஏன்

முளைத்த நாற்று அடித்தண்டு மெலிந்து கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் அதிக ஈரமும் காரணம். தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (வேரைக் காக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கரைத்து வேரில் ஊற்றுங்கள்.

இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வருவது வெண்துரு. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், இலைமேல் தண்ணீர் படாமல் ஊற்றுங்கள். இந்த நோய் மண்ணில் தங்கும். சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே இனம் என்பதால் அந்தப் பையில் அடுத்த முறை வெந்தயம் அல்லது கொத்தமல்லி போடவேண்டும்.

இலை ஓட்டையானால் மாலையில் புழுவைக் கையால் பொறுக்குவதே நல்ல மருந்து. மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல். பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தெளிப்பை நிறுத்திவிடுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை ஏழடி உயரத்தில் வேண்டும். ஐப்பசி மழையிலும் அதே வலை உதவும். புதிதாக விதைத்த பைகளுக்கு மேல் தாழ்வாகக் கட்டினால் மழைத்துளி விதையை அடித்துப்போகாது.

பங்கு

பங்குதாரர் பட்டியலில் காவலாளியின் குடும்பத்தையும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களையும் சேருங்கள். காசு போதாதபோது முதலில் வெட்டு விழுவது கீரைக்கும் காய்க்கும்தான், அதுவும் அவர்கள் வீட்டில்தான். மிச்சமானதைக் கொடுப்பது என்று வைக்காதீர்கள், அவர்களுக்கும் முழுக் கட்டு. அவர்களுக்காக இருபதுக்கு மேல் இன்னும் இரண்டு பைகளைச் சேர்த்து அரைக்கீரை போடுங்கள். அது முப்பது நாளில் முதல் அறுப்புக்கு வரும், பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை துளிர்த்துக்கொண்டே இருக்கும். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள்.

அருகிலுள்ள அங்கன்வாடிக்குக் கொடுக்க விரும்பினால் பணியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எந்த நாள் கீரை சமைக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் என்று தெரிந்துகொண்டு, அன்று விடிந்ததும் பறித்து, வேரை வெட்டி, மண் போக அலசி, அடுப்புப் பற்றவைக்கும் முன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு பறித்தால் வழியிலேயே வாடிவிடும்.