குளிரில் வெடித்தது வெயிலில் ஒழுகும்: வசந்தத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ள

பனி கொட்டும் நாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் குளிர்காலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வருவதோ பெரும்பாலும் குளிர் விட்ட பிறகு. பைப் வெடித்தது கடுங்குளிரில்தான். ஆனால் உள்ளே இருக்கும் பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் அப்போது ஒரு சொட்டும் கசியாது. கட்டி உருகும்போதோ, தோட்டத்துக் குழாயை முதல் தடவை திறக்கும்போதோதான் சேதம் வெளியே வரும்.

தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. பைப்பின் நடுவில் கட்டி அடைத்துக்கொண்டால், அந்தக் கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். ஆகவே உறைந்த இடத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

எதையும் திறப்பதற்கு முன் வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பேஸ்மென்டில், தெருவைப் பார்த்த சுவரில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிவிடும்; பைப்புக்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். வட்டச் சக்கரம் வைத்த பழைய வால்வு என்றால் பொறுமை வேண்டும். பல வருடம் அசையாததை வேகமாக முறுக்கினால் தண்டு உடையும், இல்லையென்றால் தண்டைச் சுற்றி ஒழுக ஆரம்பிக்கும். கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி என்று பழக்கித்தான் திருப்ப வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் போனில் வழி சொல்லிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

வெளிக் குழாய்

வசந்தத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். சில வீடுகளில் சாதாரணக் குழாய் வெளியிலும், அதற்கென்று தனி வால்வு உள்ளேயும் இருக்கும். புதிய வீடுகளில் உறையாத வகைக் குழாய் இருக்கும். அதன் கைப்பிடிதான் வெளியே. தண்ணீரை அடைக்கும் வாஷர் 20, 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, வீட்டின் சூடான பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மூடியதும் நடுவில் உள்ள தண்ணீர் வெளியே வடிந்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். இலையுதிர் காலத்தில் ஹோஸைக் கழற்ற மறந்தால் வடியாது, குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிளக்கும். பிளவு வாஷரைத் தாண்டி இருப்பதால், மூடியிருக்கும் வரை ஒழுகாது. நீங்கள் செடிக்குத் தண்ணீர் விடும்போது மட்டும் சுவருக்குள் கொட்டும்.

திறப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. இரவில் உறையாத நாட்களாகப் பார்த்துச் செய்யுங்கள். வெளிக் குழாய் மூடியிருக்கட்டும். உள் வால்வின் பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன மூடி இருந்தால் அதையும் இறுக்குங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிறகு உள் வால்வை மெதுவாகத் திறங்கள். இணைப்புகளில் கசிவு இல்லையென்றால் வெளிக் குழாயைத் திறந்து, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். நல்ல அழுத்தம் இருந்தால் விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சும். சுலபமாக அடைபட்டால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. கடைசியாக ஹோஸை மாட்டி, அதன் முனையை மூடி, குழாயைத் திறந்தபடி 10 நிமிடம் விடுங்கள். அப்போதுதான் பிளவின் மேல் முழு அழுத்தமும் விழும். உள்ளே நிற்பவர் டார்ச்சுடன் சுவரோரம் சீறும் சத்தம் கேட்கிறதா, ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் உள் வால்வை மூடிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது.

கூரையும் மண்ணும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2500 லிட்டர். கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலியில் இலை அடைத்திருந்தாலோ, இறங்கு பைப் சுவரடியிலேயே முடிந்தாலோ, அவ்வளவும் அஸ்திவாரத்தில் போய் நிற்கும், அதுவும் மண் இன்னும் உறைந்து கிடந்து உறிஞ்ச மறுக்கும் நேரத்தில். பீலியைச் சுத்தம் செய்து, இறங்கு பைப்பின் முனையை நீட்டி, சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளித் தண்ணீரை விடுங்கள். சுவரோரம் குவிந்த பனியை உருகும் முன்பே அள்ளி அப்பால் போடுங்கள். அமுங்கிய பழைய பனி 30 சென்டிமீட்டர் என்றால் அதில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறது. மண் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும்: 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம் போதும். பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழிகளில் இலை தேங்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பேஸ்மென்ட் தரையில் மூடி போட்ட குழியும் அதில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் ஒரு சம்ப் பம்ப்பும் இருந்தால், 20 லிட்டர் வாளியால் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மிதவை மேலே வந்ததும் பம்ப் தானாக ஓடி, வடிந்ததும் நிற்க வேண்டும். ஓடவில்லையென்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள், பிறகு மிதவை குழிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியும் மட்டம் குறையவில்லையென்றால் வெளியே போகும் பைப்பின் முனையில் பனிக்கட்டியோ மண்ணோ அடைத்திருக்கலாம். நின்ற பிறகு தண்ணீர் குழிக்கே திரும்பி வந்தால் ஒருவழி வால்வு போய்விட்டது. பெருமழையில் மின்சாரம் போனால் பம்ப்பும் நிற்கும். பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வீண் செலவு இல்லை.

சுவர் ஈரமாகத் தெரிந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். வெளியே சூடு ஏறும்போது குளிர்ந்த சுவரும் பைப்பும் வியர்க்கும். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரைத் துடைத்துவிட்டு நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது அறைக்காற்றின் ஈரம். காற்றை உலர்த்தும் கருவி வைத்தால் போதும். சுவர்ப்பக்கம் ஈரமானால் மண்ணிலிருந்து வருகிறது. சிமென்ட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பும் அதற்குச் சாட்சி.

மற்றவற்றை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் ஹோஸ் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ எங்காவது உப்பியிருந்தாலோ, எஃகு பின்னல் போட்டதாக மாற்றுங்கள். டாய்லெட் தொட்டியில் சில சொட்டு உணவு வண்ணம் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் வையுங்கள்; கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. எல்லாக் குழாயையும் மூடி மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தாங்களே திருத்தப் போகாமல், படத்துடன் எழுத்தில் வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் இப்போதே படித்துவையுங்கள். பைப் திடீரென்று வெடித்தால் பணம் தரும் பல பத்திரங்கள், நாட்பட்ட கசிவுக்குத் தருவதில்லை. சாக்கடைத் தண்ணீர் மேலேறுவதும் வெளிவெள்ளம் புகுவதும் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியவை.

அப்படியும் தண்ணீர் வந்துவிட்டால் மெயின் வால்வை மூடுங்கள். ஆனால் மின்பெட்டியோ பிளக் பாயிண்ட்டோ தண்ணீரைத் தொட்டிருந்தால், வால்வு அங்கேதான் இருக்கிறது என்றாலும் உள்ளே கால் வைக்காதீர்கள். மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எதையும் நகர்த்தும் முன் படம் எடுங்கள். கம்பளத்தை அன்றே தூக்கி, அதன் அடியில் உள்ள பஞ்சையும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராததில் பூஞ்சை பிடிக்கும்.