டேப்லெட் சார்ஜ் ஏறவில்லையா, ஒயரையும் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்கு மோட்டார் ஓடும் நாட்களில் எதற்கெடுத்தாலும் லோ வோல்டேஜ் என்பார்கள், ஆனால் சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். பையன் படிக்கிற டேப்லெட் ராத்திரி முழுக்கப் போட்டும் நிறையவில்லை. பழைய போன் சார்ஜரில் அவுட்புட் 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது வெறும் 5 வாட். அவ்வளவு பெரிய பேட்டரிக்கு அது எங்கே காணும்? 18 வாட் அடாப்டர் மாட்டியும் பெரிய மாற்றமில்லை. அப்புறம் அதே அடாப்டரில் ஒயரை மட்டும் மாற்றினேன், கொஞ்சம் தடிமனாக, நீளம் குறைவாக. வேகம் பிடித்துவிட்டது. மெல்லிய நீள ஒயரில் மின்தடை அதிகம், வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். கம்ப்யூட்டரில் மட்டும் சொருகாதீர்கள், யுஎஸ்பி 2.0 துளை வழக்கமாகத் தருவது 0.5 ஆம்பியர்தான்.