சி.டி.4 அறிக்கை கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

எச்.ஐ.வி. வைரஸ் சி.டி.4 என்ற வெள்ளணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றையே அழிக்கிறது. கிருமி வந்ததும் மற்ற வெள்ளணுக்களைத் தூண்டிவிடுவது இவைதான். இவை குறைந்தால், சுகதேகியை ஒன்றும் செய்யாத பூஞ்சணம்கூட ஆளைப் படுக்கையில் போட்டுவிடும்.

சுகதேகிக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500 முதல் 1500 வரை சி.டி.4 இருக்கும். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 200க்கு மேலா, கீழா என்பதை. கீழே என்றால் நியூமோசிஸ்டிஸ் நியூமோனியா என்ற நுரையீரல் தொற்று வரலாம். சளி இல்லாத வறட்டு இருமல், காய்ச்சல். கோணேசர் கோயில் ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறியவர் பாதியில் நிற்பார். மெல்ல மெல்ல முற்றுவதால் பலர் இதைத் தடிமன் என்று விட்டுவிடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் வைத்தியர் கோட்ரிமொக்சசோல் தருவார். நன்றாக இருக்கிறேனே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். 100க்குக் கீழே விடாத தலையிடி, 50க்குக் கீழே கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: இரண்டுக்கும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

காசநோய்க்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, சி.டி.4 500 இருந்தாலும் வரும். மற்றவர்கள் இரண்டு கிழமை இருமலுக்குப் பிறகு சளிப் பரிசோதனை செய்யலாம், எச்.ஐ.வி. உள்ளவர் இருமல் தொடங்கியதுமே கேட்க வேண்டும்.

ஒரு அறிக்கையோடு முடிவெடுக்க வேண்டாம். சாதாரணக் காய்ச்சலிலும் எண் இறங்கும். எச்.ஐ.வி. மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்டுவது இரத்தத்திலுள்ள வைரஸ் அளவுதான்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். பெரும்பாலும் டெனோபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. கெடுப்பது நெஞ்செரிவு மருந்து: அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. குளிசையை அதற்கு 2 மணி முன்னோ 6 மணி பின்னோ போடுங்கள். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கும் வெறும் வயிற்றில் இதே இடைவெளிதான். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணிநேரமே இருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

இந்தக் குளிசையைத் தொடங்கிய சில கிழமைகளில் காய்ச்சலும் கழுத்தில் கட்டியும் வரலாம். தேறிவரும் எதிர்ப்புச் சக்தி ஒளிந்திருந்த காசநோயோடு மோதுவதாகவும் இருக்கலாம். மருந்தை நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர்கள் குளிசையைப் போத்தலோடு, உள்ளிருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தையும் எடுக்காமல், எஞ்சின் சூடு படாத இடத்தில் வையுங்கள். கரை திரும்பும் நாள் தள்ளிப்போகும். ஒரு கிழமைக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.