புள்ளி வைத்தாலும் பட்டியல் வரவில்லையா? கிளாங்டி எங்கே தேடுகிறது என்று பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் எடை நிலையத்துக்காக, சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றை நியோவிம் என்ற உரைத்தொகுப்பியில் எழுதி வருகிறேன். நிரலை அலசி, எழுதும்போதே பெயர்களை நிரப்பித் தரும் கருவி கிளாங்டி. அதே கோப்பிலுள்ள பெயர்களை அது சரியாகவே நிரப்பியது. வெளி நூலகப் பொருளுக்குப் பின் புள்ளி வைத்தால் மட்டும் அதன் உறுப்புகளின் பட்டியல் வராது. நூலகத்தை உள்ளே சேர்க்கும் இன்குளூட் வரிகள் பிழை என்று சிவந்து கிடந்தன. நிரலைத் தொகுக்க நான் பயன்படுத்தும் சிமேக் கருவியோ பிழையின்றித் தொகுத்தது.

செருகுநிரலை நீக்கி மீண்டும் நிறுவினேன், கிளாங்டியின் புதிய பதிப்பை ஏற்றினேன். நாள்கள்தான் போயின. எந்தக் கோப்பை எந்தக் கட்டளையால் தொகுப்பது என்று கிளாங்டிக்குச் சொல்லும் 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்' கோப்பைச் சிமேக்கைக் கொண்டு உருவாக்கிய பிறகும் அதே சிவப்பு.

முனையத்தில் கிளாங்டியை 'செக்' விருப்பத்தோடு ஓட்டியபோதுதான் பிடி கிடைத்தது. 'ஜெனரிக் ஃபால்பேக் கமாண்ட்' என்று ஒரு வரி. அதாவது, ஜேசன் கோப்பு அதன் கண்ணில் படவே இல்லை; ஊகத்தில் ஓடியிருக்கிறது. நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கோப்புறை கோப்புறையாக அது மேலே ஏறித் தேடும். ஒவ்வொன்றிலும் 'பில்ட்' என்ற உட்கோப்புறையையும் பார்க்கும். வேறு பெயர் என்றால், நாமாகச் சொல்லாதவரை எட்டியும் பார்க்காது. எங்கள் தொகுப்புக் கோப்புறையின் பெயர் 'அவுட்'!

திட்டத்தின் தலைமைக் கோப்புறையில் ஜேசனுக்கு ஒரு குறியிணைப்பு (அசல் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்) போட்டு, கிளாங்டியை மறுபடி தொடங்கினேன். புள்ளி வைத்ததும் பட்டியல் இறங்கியது. அப்பாடா! கோப்பை நகலெடுத்து வைக்காதீர்கள்: சிமேக் 'அவுட்'டில் உள்ளதை மட்டுமே புதுப்பிக்கும், நகல் பழையதாகவே கிடக்கும்.