பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை படிக்கும் பள்ளியில் ஏதேனும் பிரச்சினை என்றால், எங்கள் வடசென்னைப் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்: வாசலில் நின்று சத்தம் போடுகிறோம், அல்லது 'நமக்கு எதற்கு வம்பு, பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும்' என்று பேசாமல் வீடு திரும்புகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கென்றே ஓர் இடத்தை ஏற்படுத்தியிருக்கிறது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

இக்குழுவைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்வதே முதல் தவறு. கழகம் என்றாலே சந்தா, நன்கொடை, ஆண்டுவிழா என்று பழகிவிட்டதால், மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்தாலும் 'மறுபடி பணம் கேட்பார்கள்' என்று பலர் வருவதில்லை. பணம் திரட்டுவது இந்தக் குழுவின் வேலை அன்று. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பதுமே அதற்குச் சட்டம் தந்த வேலைகள்.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ வந்ததும் நீளமான தீர்மான நோட்டைக் கைக்குக் கை நீட்டுவார்கள். மேலே தேதி மட்டும் இருக்கும், நடுப்பக்கம் வெறுமையாக இருக்கும், கீழே நாம் வரிசையாகக் கையெழுத்திடுவோம். அடுத்த கூட்டத்தில் அதே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது, 'கழிவறைப் பராமரிப்பு திருப்திகரம்' என்று எழுதி, அதன் கீழ் என் கையெழுத்தும் இருந்தது. பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவு அன்றும் தாழ்ப்பாள் இல்லாமல் கயிற்றால்தான் கட்டப்பட்டிருந்தது. தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் இருந்தால், அவருக்காகவே ஒருமுறை வாசிக்கச் சொல்லலாம். இதைக் கேட்பது தலைமையாசிரியரை அவமதிப்பதாகாது. உண்மையில் நல்ல தலைமையாசிரியர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், ஏனெனில் தாழ்ப்பாள் இல்லை என்று குழு தீர்மானம் போட்டிருந்தால், மேலிடத்தில் கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

புகாரை வாய்மொழியாகவே சொல்லிவிட்டு வருவது இன்னொரு தவறு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட குரல் பதிவும் மனு ஆகாது. தேதி, பிள்ளையின் வகுப்பு, நடந்தது, கேட்கும் ஒரே கோரிக்கை ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதி இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். பள்ளியில் தீராவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதிலும் அலைச்சல் நேர்கிறது: மாநகராட்சிப் பள்ளி என்றால் பெருநகர சென்னை மாநகராட்சியின் கல்வித்துறைக்கும், அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித்துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் போக வேண்டும். அடி, மனவேதனை தரும் வசவு ஆகியவற்றைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. அவற்றுக்கு அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே விதி என்று எண்ணிவிடவும் கூடாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூற முடியும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் இந்தக் குழுவே கட்டாயமில்லை. அங்கே கட்டணம் மிகுதி என்றால், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழுவிடம் முறையிட வேண்டும்.

காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வேறிடத்துக்குக் குடிபெயரும் குடும்பங்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டிசி கைக்கு வரவில்லை என்று பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கிறார்கள், அதற்குள் அவன் ஏதாவது வேலைக்குப் பழகிவிடுகிறான். எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறும்போது, பழைய பள்ளி டிசியை உடனே தர வேண்டும் என்றும், அது தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. அது 14ஆம் பிரிவு. வீடு மாறிய மறுநாள் காலையே பிள்ளையைப் புதிய பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். டிசி பின்னால் வரட்டும்.